விசுவாசமா, நம்பிக்கையா? பிரிக்பீல்ட்ஸ் ஆலயங்களில் வழங்கும் மீட்புச் சொற்கள்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பாத்திமா அன்னை கத்தோலிக்க ஆலயம், சீயோன் லூத்தரன் ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை ஆகியன அண்மையிலேயே அமைந்துள்ளன. எனினும், இவற்றில் ஒலிக்கும் விவிலியத் தமிழ் ஒன்றன்று. சீர்திருத்தத் திருச்சபையினர் பெரும்பாலும் 1871ஆம் ஆண்டைச் சார்ந்த பவர் மொழிபெயர்ப்பு மரபைப் பின்பற்றுகின்றனர். கத்தோலிக்கர் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துகின்றனர். (இரு சாராரும் கூடி உருவாக்கியது ஒரு சாராரிடமே பெரிதும் நிலைபெற்றது வியப்பே.) இவ்வேறுபாட்டை வடமொழிக் கலப்பு, தனித்தமிழ் என்று வகைப்படுத்தி அமைவது போதாது, பொருளே இங்கு இடம் மாறியுள்ளது.

1 கொரிந்தியர் 13:13இல் கூறப்பெறும் மூன்று பண்புகள், பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என அமைகின்றன. புதியதில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்றாகின்றன. ஆகவே, ஒரே வகுப்பில் பயிலும் இரு கிறித்துவ மாணவருள் ஒருவருக்கு ‘நம்பிக்கை’ என்பது வருங்காலம் பற்றியது. மற்றவருக்கு அதுவே இறைவன்பால் கொள்ளும் உறுதி. ‘விசுவாசம்’ என்பதோ ஆலயத்திற்கு வெளியே ‘எசமான விசுவாசம்’ என்னும் பொருளுக்குச் சுருங்கிவிட்டது. புதிய மொழிபெயர்ப்பாளர் அதனைக் கைவிட்டமைக்கு நியாயம் உண்டு என்றே கருதுகிறோம். ஆயினும் ‘எதிர்நோக்கு’ பேச்சுவழக்கில் இன்னும் வேரூன்றவில்லை.

மாற்கு 1:15இல் பழையது ‘மனந்திரும்பி’ என்றும் புதியது ‘மனம் மாறி’ என்றும் உரைக்கின்றன. ‘மெத்தனோயா’ என்னும் கிரேக்கச் சொல் மனமாற்றத்தைக் குறிப்பது. அதன் பின்னணியிலுள்ள எபிரேயச் சொல்லாகிய ‘ஷூப்’ திரும்பி வருதலைக் குறிப்பது. தமிழ் இசுலாமியர் வழங்கும் ‘தவ்பா’, மலாயில் வழங்கும் ‘தௌபாட்’ ஆகியவற்றின் அரபு வேரும் திரும்புதலே. மனத்தையும் திரும்புதலையும் ஒருங்கே தாங்கி நிற்பது ‘மனந்திரும்புதல்’. மாறியவர் எங்கும் செல்லலாம். திரும்புபவருக்கோ செல்லுமிடம் உண்டு. இங்குப் பழைய சொல்லே சிறந்தது என்பது எம் துணிபு.

மூன்றாவதாக, இரட்சிப்பு. இது காத்தலைக் குறிக்கும் வடசொல் வழிவந்தது. ‘மீட்பு’ அடகுப் பொருளை மீட்டல்போல விலை கொடுத்துப் பெறுவதை உணர்த்துவது. பழைய மொழிபெயர்ப்பு எபேசியர் 1:7இல் ‘மீட்பு’ என்றும் 2:8இல் ‘இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்றும் இரண்டையும் பிரித்தே ஆள்கிறது. புதியதில் ஈரிடத்தும் மீட்பே வருவதால் அவ்வேறுபாடு மறைகிறது.

எனினும், இலக்கணத்தில் இரண்டும் ஒத்துச் செல்கின்றன. திரும்புதலும் மாறுதலும் தன்வினை. இரட்சிக்கப்படுதலும் மீட்கப்படுதலும் செயப்பாட்டுவினை. மனிதன் திரும்புகிறான், மீட்பவன் இறைவன். அருளால் வரும் மீட்பு என்னும் கோட்பாட்டை இவ்வினை வடிவங்களைக் கொண்டே தமிழாசிரியர் வகுப்பில் விளக்கவியலும்.