அலுவலகத் தொலைபேசிப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு

அலுவலகத் தொலைபேசிப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு என்பது, அரசுப் பணத்தில் இயங்கும் தொலைபேசி இணைப்புகள் அலுவல் பணிக்கே பயன்படுமாறு பார்த்துக்கொள்ள அரசு அலுவலகங்கள் கையாளும் விதிகளையும் கருவிகளையும் குறிக்கும். பேசியவர் யார், எந்த எண்ணுக்குப் பேசினார், எவ்வளவு நேரம் பேசினார் என்னும் மூன்று விவரங்களே இதன் அடிப்படை. இவை கிடைக்காத காலத்தில் முறைகேட்டைக் கண்டறிவது கடினமாக இருந்தது. எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பின், ஊழியரின் தனியுரிமை குறித்த கேள்வி எழுந்தது. இக்கட்டுரை பெரும்பாலும் இந்திய நடைமுறையை ஒட்டியது.

பின்னணி

டிரங்க் கால் காலத்தில் வெளியூருக்குப் பேச விரும்புபவர், தொலைபேசி நிலையத்தில் எண்ணைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் தனிச் சீட்டு எழுதப்பட்டதால், தாமதம் இருந்தாலும் தடயம் இருந்தது. 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. சேவை தொடங்கியது. இடையில் இருந்த இயக்குநர் விலகினார். அவரோடு அந்தச் சீட்டும் போயிற்று.

எஸ்.டி.டி. அழைப்புகளை அளந்த மீட்டர், மின்துடிப்புகளை மட்டுமே எண்ணியது. தொலைவு கூடக்கூடத் துடிப்புகள் விரைவாக விழும். எனவே நாள் முழுதும் உள்ளூரில் பேசியதும், தொலைதூர ஊருக்குச் சில நிமிடங்கள் பேசியதும் மீட்டரில் ஒரே தொகையாகத் தோன்றலாம். கட்டணப் பட்டியலில் தொடக்க அளவு, இறுதி அளவு, இரண்டின் வேறுபாடு ஆகியவை இருந்தன. ஒரே இணைப்பின்கீழ்ப் பல கிளைத் தொலைபேசிகள் இயங்கிய அலுவலகத்தில், அந்தத் தொகைக்குப் பொறுப்பாளி யார் என்று எவராலும் சொல்ல இயலாது. முறைகேட்டுக்கு இடம் தந்தது ஊழியரின் குணத்தைவிட, பெயரற்ற இந்தக் கணக்கே எனலாம்.

பூட்டும் பதிவேடும்

தொடக்ககாலத் தடுப்பு முறை உண்மையான பூட்டேயாகும். சுழல்தட்டின் துளையில் சிறு பூட்டு ஒன்றை மாட்டிவிட்டால் தட்டைச் சுழற்ற முடியாது. ஆனால் சுழல்தட்டு செய்வதெல்லாம் இணைப்பை நொடிப்பொழுதில் பலமுறை துண்டித்து மீட்பதுதான். அதே வேலையை, கைப்பிடி அமரும் விசையைச் சீராகத் தட்டியும் செய்யலாம். கைப்பழக்கம் உள்ளவர் பூட்டைத் தொடாமலே எந்த எண்ணையும் அழைத்துவிடுவார். பின்னர், இரகசிய எண் கொண்டு எஸ்.டி.டி. வசதியைத் திறந்து மூடும் முறை தொலைபேசி நிலையங்களில் வந்தது.

பூட்டுக்குத் துணையாக அழைப்புப் பதிவேடு வைக்கப்பட்டது. நாள், நேரம், எண், காரணம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். சொந்த அழைப்பானால் பணம் கட்ட வேண்டும். பதிவேட்டுடன் ஒப்பிடத்தக்க விவரம் கட்டணப் பட்டியலில் இல்லாதவரை, இதனால் பெரும்பயன் விளையவில்லை. எழுதாமல் விட்ட அழைப்பு எழுதாமலே போயிற்று.

மின்னணு இணைப்பகங்கள்

ஈ.பி.ஏ.பி.எக்ஸ். எனப்படும் மின்னணுக் கிளை இணைப்பகம் நிலைமையை மாற்றியது. எந்தக் கிளைத் தொலைபேசியிலிருந்து உள்ளூர் அழைப்பு மட்டும் செல்லலாம், எதிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசலாம் என்று தனித்தனியே வரையறுக்கலாம். அலுவலக நேரம் முடிந்ததும் வெளியழைப்புகளைத் தானாகவே மூடிவிடலாம். ஒவ்வோர் அழைப்பின் நேரம், எண், நீளம், கிளை எண் ஆகியவை பதிவாகின்றன. இருப்பினும் பதிவாவது கிளை எண்ணே தவிர ஆள் அல்ல. ஆளற்ற மேசையிலிருந்து பேசுவதைத் தடுக்க, ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி எண் தேவை.

இவ்விணைப்பகங்களே புதியதொரு மோசடிக்கும் வழி திறந்தன. தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், வெளியாள் ஒருவர் தொலைவிலிருந்தே உள்நுழைந்து அலுவலகத்தின் செலவில் வெளிநாடுகளுக்குப் பேச முடியும். விடுமுறை நாட்களில் எவரும் கவனிப்பதில்லை என்பதால் இழப்பு விரைவில் பெருகும். ஊழியர் வீட்டுக்குப் பேசும் சில நிமிடங்களைக் காட்டிலும் இது பன்மடங்கு கேடானது.

உச்சவரம்பு

மற்றொரு வழி, யாருக்குப் பேசினார் என்று ஆராயாமல் அளவை மட்டும் வரையறுப்பது. மாதத்துக்கு இவ்வளவு என வரம்பு வைத்து, மிகுதியை அலுவலரே செலுத்தச் செய்வர். இதனால் தனியுரிமை காக்கப்படுகிறது. ஆனால் வரம்புக்குள் நடப்பது கணக்கில் வராது. பணி நிமித்தம் மிகுதியாகப் பேசவேண்டிய களப்பணியாளரோ தம் பணத்தை இழப்பார். 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய திட்டத்தில், இந்தியாவுக்குள் எங்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றானது. அதன்பின் பல அலுவலகங்களில் ஓர் அழைப்பைச் சரிபார்க்கும் செலவு, அவ்வழைப்பின் கட்டணத்தையே விஞ்சக்கூடும்.

தனியுரிமை

அலுவலகத் தொலைபேசி அரசின் உடைமை என்பதால் அதில் பேசப்படுவதையும் அரசு கேட்கலாமா? ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதற்கு இரு வழக்குகளில் விடையளித்தது. பிரித்தானியாவின் மெர்சிசைடு காவல்துறை உயர் அலுவலர் அலிசன் ஹால்ஃபோர்ட், தாம் தொடுத்திருந்த பாலினப் பாகுபாட்டு வழக்கில் தமக்கெதிராகப் பயன்படுத்தவே தம் அலுவலக அழைப்புகள் ஒட்டுக்கேட்கப்பட்டன என முறையிட்டார். 1997இல் நீதிமன்றம், அலுவலக அழைப்புகளும் தனிவாழ்வு என்பதற்குள் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. 2007இல் முடிந்த கோப்லண்ட் வழக்கு இன்னும் ஒரு படி சென்றது. அதில் எவரும் பேச்சைக் கேட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை; அரசு நிதியில் இயங்கிய கல்லூரி, ஊழியர் அழைத்த எண்களையும் நேரங்களையும் கட்டணப் பட்டியல்கொண்டு ஆராய்ந்திருந்தது. அவருக்கு அறிவிக்காமலும், சட்ட அடிப்படை இல்லாமலும் செய்யப்பட்டதால் அதுவும் உரிமை மீறல் எனப்பட்டது.

இந்தியாவில், தொலைபேசி உரையாடல் தனியுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஒட்டுக்கேட்பு வழக்கொன்றில் கூறியது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்பதை 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. ஆகவே அழைப்புப் பதிவுகளைச் சரிபார்க்கும் அலுவலகம், அவ்வாறு செய்வதை ஊழியர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பதும், பதிவுகளைப் பார்க்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, அவை எத்தனை நாள் வைக்கப்படும் என்பவற்றை வரையறுப்பதும் தேவையாகின்றன.