வெயிலில் பிறக்கும் ஹைட்ரஜன்

பல்லடத்து வெயிலை நாம் ஏசாத நாளில்லை. அவ்வெயிலைக் கொண்டே நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கலாம் என்றால் வியப்பாக இல்லையா, தோழியரே? ஹைட்ரஜன் எரிந்தால் புகையில்லை, நீரே மிஞ்சும். ஆயினும் இன்று அதைப் பெரும்பாலும் இயற்கை வாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே எடுக்கிறார்கள்; அப்போது கரியமில வாயு வெளியேறுகிறது.

1972-இல் ஜப்பானியரான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், வெள்ளைப் பெயிண்டில் சேரும் டைட்டேனியம் டை ஆக்சைடு என்னும் குறைகடத்தியின் மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டினர். ஆனால் அது புற ஊதா ஒளியை மட்டுமே ஏற்கும். வெயிலில் அவ்வொளி மிகச் சிறு பங்கே. தவிர, ஒளி பட்டுத் துள்ளியெழும் எலக்ட்ரான் நொடிக்குள் பழைய இடத்திலேயே விழுந்துவிட்டால் எல்லாம் வீண். அதை உடனே அப்பால் கடத்த, பக்கத்திலேயே வேறொரு பொருள் வேண்டும். அடுக்குக் கலவைகளின் பயன் இதுதான்.

பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் சி. என். ஆர். ராவ் குழுவினர் இதில் ஈடுபட்டு, 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். இயந்திரங்களுக்கு மசகாகும் மாலிப்டினம் டை சல்பைடைச் சில அடுக்குகளே உள்ள மெல்லிய ஏடுகளாக்கி, நைட்ரஜன் ஏற்றிய கிராஃபீனுடன் சேர்த்தனர். ஈயோசின் என்ற சாயம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பற்றி எலக்ட்ரானைத் தந்தது. (சாயம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் நாம்!) கலவை அதை வாங்கிக்கொள்ள, ஹைட்ரஜன் குமிழியிட்டது.

சாயம் இழந்த எலக்ட்ரானை ஈடுசெய்ய டிரை எத்தனாலமீன் என்ற பொருள் சேர்க்கப்பட்டது. அது செலவாகிக்கொண்டே இருக்கும். அந்த எலக்ட்ரானை நீரே தர வேண்டுமானால் ஆக்சிஜனும் பிரிய வேண்டும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான்கள் விலக வேண்டியிருப்பதால் கடினமான பாதி அதுவே.