கத்தியும் கல்லீரலும்

வயிற்றில் கட்டி இருந்தால் வயிற்றில் கத்தி வைப்பது நியாயம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்ததற்கும், கல்லீரலில் கொழுப்பு மண்டியதற்கும் இரைப்பையை அறுப்பானேன்? வாசகர்களுக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. வைத்திய நிபுணர்களுக்கே இதன் விடை எளிதில் கிட்டவில்லை. விடைக்கு முன்னால் ஒரு பெரும் பிழையும் நேர்ந்தது.

1954-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் மின்னஸோட்டாவைச் சேர்ந்த ரண வைத்தியர்கள், ஸ்தூல சரீரிகளுக்கென்று ஒரு சிகிச்சையை வெளியிட்டார்கள். சிறுகுடலின் தொடக்கத்தை அதன் கடைசிப் பகுதியோடு இணைத்துவிட்டால், உண்டது உடம்பில் ஒட்டாது என்பது அவர்கள் கருத்து. பின்னர் பரவிய முறையில், சுமார் இருபது அடிக் குடலில் உணவு செல்லும் வழி ஒன்றரை அடியே மிஞ்சியது. எடை மளமளவென்று குறைந்தது. ஆனால், புரதச் சத்துக் கிட்டாமலும், உணவு செல்லாத குடலில் கிருமிகள் பெருகியும் சிலருடைய கல்லீரல் அழிந்தது, உயிரும் போயிற்று. அம்முறை கைவிடப்பட்டது. இளைப்பது வேறு, நலம் பெறுவது வேறு என்னும் பாடத்தை அந்நோயாளிகள் உயிரைக் கொடுத்துக் கற்பித்தார்கள்.

இதற்கிடையே 1966-ல் அயோவா சர்வகலாசாலையின் டாக்டர் எட்வர்டு மேஸன் வேறொரு வழி கண்டார். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு சேர்த்தார். இவ்வகைச் சிகிச்சையை வட கரோலினாவில் 608 பேருக்குச் செய்த டாக்டர் வால்டர் போரீஸ், 1995-ல் அதன் பலனை வெளியிட்டார். அவர்களுள் நீரிழிவு உள்ளவர்களாகக் கணக்கிடப்பட்ட 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. அதிசயம் யாதெனில், உடம்பு இளைப்பதற்கு முன்பே, சில தினங்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கியதுதான்.

இதன் காரணம் என்ன? இன்ஸுலின் என்பது கணையம் அனுப்பும் ஆணை. 'இரத்தத்தில் சர்க்கரை போதும்; இனி நீ வெளியிடாதே' என்று அது கல்லீரலுக்குச் சொல்கிறது. கொழுப்பு மண்டிய கல்லீரலோ செவிடாகிவிடுகிறது. கணையம் மேலும் உரக்கக் கூவுகிறது. அதாவது இன்ஸுலினை மிகுதியாகச் சுரக்கிறது. அந்த மிகுதியே கல்லீரலில் இன்னும் கொழுப்பை விளைவிக்கிறது. சிகிச்சைக்குப் பின் உணவு திடீரென்று குறைவதால், உடம்பு முதலில் கல்லீரலின் கொழுப்பைச் செலவழிக்கிறது. ஈரலின் காது திறக்கிறது. உணவு விரைவில் கீழ்க்குடலை எட்டுவதால், அங்கே சுரக்கும் ஹார்மோன்கள் கணையத்தைத் தூண்டிப் பசியையும் அடக்குகின்றன. தசைகள் மட்டும் எடை குறையக் குறையத்தான் மெல்ல வழிக்கு வருகின்றன.

ஈரலின் நிலையையும் சோதித்தார்கள். பிரான்ஸில் லீல் நகர வைத்தியர்கள், கொழுப்பினால் ஈரல் வீக்கமுற்றவர்களுக்குச் சிகிச்சை செய்து, ஐந்தாண்டுக்குப் பின் ஈரலின் துணுக்கை எடுத்துப் பார்த்தனர். 2020-ல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 84 பேருக்கு வீக்கம் மறைந்திருந்தது. 2023-ல் இத்தாலியில் 288 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியிலோ, சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டில் பாதிப்பேருக்குச் சற்று மேல் குணம் கண்டது. கத்தியின்றி, உணவையும் பழக்கத்தையும் திருத்தித் தக்க மருத்துவமும் பெற்றவர்களில் குணமடைந்தோர் நூற்றுக்கு 16 பேரே.

எனினும் கத்தி சஞ்சீவி அன்று. நாளடைவில் சர்க்கரை சிலருக்குத் திரும்புகிறது. இரும்பு, சுண்ணாம்பு, பி-12 முதலிய சத்துக்களை ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டும். ஈரல் முற்றிலும் சுருங்கியவர்களுக்கு அபாயம் அதிகம். அன்றியும், எல்லாருக்கும் கத்தி வேண்டியதில்லை. 2017-ல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சியில், கடும் உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்ட நீரிழிவு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓராண்டில் மருந்தின்றியே நலம் பெற்றிருந்தார்கள்.

பருத்தவரைக் கண்டால் 'சாப்பாட்டு ராமன்' என்று நகைப்பது நம் வழக்கம். பசியும் திருப்தியும் மன உறுதியால் மட்டும் ஆவன அல்ல. குடலும் ஈரலும் அவற்றை ஆள்கின்றன என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. வீட்டில் ஒருவருக்கு இவ்வியாதி கண்டால், ஏளனத்தை விட்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். ஏளனத்தை விடுவதற்கு எந்த ரண சிகிச்சையும் தேவையில்லை.