காசநோய் மாத்திரையும் கல்லீரலும்



கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் கொத்தனார் சகோதரர் ஒருவர், காசநோய் மாத்திரை தொடங்கிய மறுநாளே பதறி ஓடிவந்தார். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, காமாலை வந்துவிட்டது என்று பயம். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்படாதீர்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆறாம் வாரத்தில் மெய்யாகவே காமாலை வந்தது. அப்போது அவர் வரவில்லை. "மாத்திரை நிறந்தானே" என்று இருந்துவிட்டார். கண் மஞ்சளித்ததைக் கண்டு மனைவிதான் அழைத்துவந்தார்.

காசநோய்க் கிருமியை ஒரே மருந்தால் வெல்ல முடியாது. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். ஆகவே ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கையும் ஒரே மாத்திரையில் சேர்த்து, உடல் எடைக்குத் தக்கபடி தினமும் கொடுக்கிறார்கள். இவற்றில் முதல் மூன்றும் கல்லீரலுக்குப் பாரமானவை. ரிஃபாம்பிசின் கல்லீரலின் வேலையை முடுக்கிவிடுவதால், ஐசோனியசிட் உடையும்போது உண்டாகும் நச்சுப் பொருளும் பெருகுகிறது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மூன்றும் சேர்ந்த சிகிச்சை பெற்ற நுரையீரல் நோயாளிகளில் 2 முதல் 8 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாத்திரைக்குப் பயந்து நிறுத்தினால் நோய்தான் கொல்லும்.

நம் சகோதரரின் படுக்கையருகே உட்கார்ந்து பேசியபோதுதான் மற்றவை வெளிவந்தன. மாலையில் கொஞ்சம் சாராயம். உடம்புவலிக்குக் கடையில் ஒரு மாத்திரை, சளிக்கு இன்னொன்று. இரண்டிலும் பாராசிட்டமால் இருந்தது அவருக்குத் தெரியாது. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டதை எங்களிடம் சொன்னார். போதகரிடம் சாராயத்தைப் பற்றிச் சொல்லத் துணிந்தாரே என்று நாங்களே வியந்தோம்!

அதற்குமேல் பத்தியம். காமாலை என்றவுடன் உப்பில்லை, எண்ணெய் இல்லை, மோர்சாதம் மட்டுமே என்று நம் வீடுகளில் ஆரம்பித்துவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் மருந்தின் நச்சை முறிக்கும் பொருளைக் கல்லீரல் புரதத்திலிருந்தே உண்டாக்குகிறது. 38 கிலோ எடையுள்ளவரைப் பட்டினி போட்டால் அது எதைக்கொண்டு உண்டாக்கும்? முட்டை, பருப்பு, வேர்க்கடலை, முடிந்தால் மீன், இவைதான் வேண்டும். கீழாநெல்லியை நாங்கள் பழிப்பதில்லை. ஆனால் எந்தப் பொடியோ லேகியமோ சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, வலது விலாவின் கீழ் வலி, கண்ணில் மஞ்சள், இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே வரவேண்டும். சிறுநீரின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது.

சகோதரருக்கு மாத்திரைகளை நிறுத்தி, இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். பைரசினமைடை விட்டுவிட்டார்கள், அதனால் சிகிச்சைக் காலம் நீண்டது. உங்கள் காணிக்கையிலிருந்து அந்தப் பரிசோதனைகளுக்கும் தினம் இரண்டு முட்டைக்கும் செலவிட்டோம். போன மாதம் எடை பார்த்தபோது 44 கிலோ. சாரம் ஏறலாமா என்று கேட்டார். இன்னும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.