நடைப் பயண விருந்தினரும் நமது சங்கங்களும்

கே.கே. நகரில் நாம் குடியிருக்கும் தெருவின் முனையில், வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒரு வேன் வந்து நிற்பதைச் சில ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். முதுகில் பை சுமந்த பத்துப் பன்னிரண்டு இளைஞரும் யுவதிகளும் அதில் ஏறிச் செல்வர். ஞாயிறு நள்ளிரவில் சேறு படிந்த காலணிகளுடன் திரும்புவர். எங்கே சென்று வந்தீர்கள் என வினவினால் ஏலகிரி என்பர், சவ்வாது மலை என்பர், கொல்லிமலை என்பர். தலைக்கு எவ்வளவு என்றால் ஆயிரக்கணக்கில் சொல்வர். அத்தொகையில் மலையடிவாரத்துக் குடும்பங்களுக்குச் சேர்ந்தது யாது என்று கேட்டால் மட்டும் எவரிடமும் விடை இல்லை. "சாப்பாட்டுக்கு ஏதோ கொடுத்திருப்பார்கள்" என்றார் ஒருவர்.

இவ்வினா அண்மையில் நமது மேசைக்கே வந்து சேர்ந்தது. அடிவாரக் கிராமம் ஒன்றின் நெசவாளர் சங்கத்தார், அயலிலுள்ள விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டு, நகரத்தாரை அழைத்து இரண்டு நாள் நடைப் பயணம் நடத்த விரும்புவதாகவும், அதற்கு யோசனை கூற வேண்டும் எனவும் எழுதியிருந்தனர். பிற சங்கங்களின் அங்கத்தினர்களுக்கும் இது பயன்படும் எனக் கருதி, நாம் அவர்களுக்குச் சொன்னவற்றை இங்கு விரித்துரைக்கிறோம்.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்துத் தேக்கடியில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. பெரியாறு காட்டில் வயணா என்னும் இலவங்கப் பட்டை மரத்தைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர் சிலர் இருந்தனர். வழக்கும் தலைமறைவு வாழ்க்கையுமாக அவர்கள் காலம் கழிந்தது. இந்திய அரசின் சூழல் மேம்பாட்டுத் திட்டம் 1996-இல் தொடங்கிய பின்னர், வனத்துறையினர் இவர்களை அழைத்துப் பேசி, ஒரு குழுவாகத் திரட்டினர். 1998-இல் அக்குழு 'புலித் தடம்' என்ற பெயரில் காட்டு நடைப் பயணத்தை நடத்தத் தொடங்கிற்று. காட்டின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த அவர்களை விடச் சிறந்த வழிகாட்டிகள் யார் கிடைப்பர்! ஒரு வேளைக்குச் சில விருந்தினரே அழைத்துச் செல்லப்படுவர்; ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகளும், ஆயுதம் தாங்கிய வனக்காவலர் ஒருவரும் உடன் செல்வர். நடந்து செல்லும் அவர்களே காட்டைக் காவல் புரிபவருமாகின்றனர்.

கூட்டுறவாளர் கவனிக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. வரும் பணம் தனியொருவர் பைக்குச் செல்வதில்லை. குழுவின் கணக்கில் சேர்ந்து, அதிலிருந்து உறுப்பினர்க்கு ஊதியமும், பொது நலனுக்கு ஒரு பகுதியும் பிரிகின்றன. குழுத் தலைவர் ஊராரில் ஒருவர். செயலாளர் வனத்துறை அலுவலர். இவ்விருவர் கையெழுத்து இன்றிப் பணம் வெளியேறாது. அதே காட்டின் மன்னான், பளியர் குடியிருப்புகளில் மிளகு பயிரிடுவோர் வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கி விளைச்சலை அடகு வைத்திருந்தனர். அக்கடனைத் தீர்த்து, மிளகைக் குழுவே நேரில் விற்கும் ஏற்பாடும் இத்திட்டத்தின் கீழ் நிகழ்ந்தது. முன்பணம் வாங்கிச் சேலை நெய்து கொடுக்கும் நம் நெசவாளர்க்கு இக்கதை புதிதன்று.

நேபாள நாட்டில், அன்னபூர்ணா மலைப் பகுதியில் 1986-இல் தொடங்கப்பெற்ற பாதுகாப்புத் திட்டமும் இவ்வகையதே. மலையேறுவோர் செலுத்தும் நுழைவுக் கட்டணம் அம்மலைக்கே செலவாகிறது. விருந்தினர்க்குச் சமைக்கக் காட்டை வெட்டி விறகாக்கும் வழக்கத்தைக் குறைக்க மண்ணெண்ணெய் கொணரப்பட்டது. விடுதி நடத்துவோர் குழு அமைத்து உணவு விலையை ஒரே சீராக நிர்ணயித்துக் கொண்டனர். ஒருவரை ஒருவர் விலை குறைத்து அழித்துக்கொள்ளும் போட்டி இதனால் தடுக்கப்பட்டது.

இனி அச்சம் தரும் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டம் போடிக்கு அருகில் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவிற்று. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் நடைப் பயணம் வந்திருந்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இளம் வயதினர்; பெண்கள் பலர். மாசி பங்குனியில் மலைச் சரிவின் புல் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்திருக்கும் என்பதை அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனும் அறிவான். அவ்வறிவு பயண ஏற்பாட்டில் இடம் பெற வேண்டும். விருந்தினரின் உயிருக்கு ஊரார் பொறுப்பேற்கும் தொழில் இது என்பதை நிர்வாகக் குழு முதற் கூட்டத்திலேயே உணர வேண்டும்.

அத்துயரத்திற்குப் பின் அதே ஆண்டில் மலையேற்ற விதிகள் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில், வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்தன. தடங்கள் எளிது, நடுத்தரம், கடினம் என வகுக்கப்பட்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர். ஆகவே, காப்புக் காட்டில் கால் வைக்கும் பயணத்தை எந்தச் சங்கமும் தானாக நடத்த இயலாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். தீக்காலத்தில் தடம் மூடியிருக்கும். நமக்குக் கடிதம் எழுதிய சங்கத்தார்க்கு, காட்டை முதலில் தொடவே வேண்டா என்றோம். ஏரிக் கரை, வரப்பு, பழைய வண்டித் தடம், தென்னந்தோப்பு, தறிக்கூடம் என ஊருக்குள்ளேயே பத்து மைல் நடை கிடைக்கும். நகரத்தார்க்கு அதுவே அதிசயம்.

அடுத்து, சங்கத்தின் துணை விதிகளில் இத்தொழிலுக்கு இடமுண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் பொதுப் பேரவையில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவு பெற்ற பின்னரே தொடங்கலாம். இதனை வெறும் சம்பிரதாயமாகக் கருதுவோர் உளர். துணை விதிக்குப் புறம்பான வியாபாரத்தில் நட்டம் நேர்ந்தால், அது யார் தலையில் விடியும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கணக்கிற்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டாக, எட்டு விருந்தினர், தலைக்கு ரூ.2,000, மொத்த வரவு ரூ.16,000 எனக் கொள்வோம். இரண்டு வழிகாட்டிகளுக்கு நாள் ஒன்றுக்கு ரூ.900 வீதம் இரண்டு நாளுக்கு ரூ.3,600. ஐந்து வேளை உணவு, வேளைக்கு ரூ.120 வீதம், ரூ.4,800. தங்கும் வீடுகளுக்கு ரூ.2,400. காப்பீடும் முதலுதவியும் ரூ.800. தடம் பராமரிக்கவும் குப்பை அகற்றவும் ரூ.1,000. எழுத்துச் செலவு ரூ.600. ஆகச் செலவு ரூ.13,200, மிச்சம் ரூ.2,800. இதனைக் கண்டு மகிழ்வதற்குள், ஆட்களை அனுப்பித் தருவதாகச் சொல்லும் நகரத்து முகவர் நூற்றுக்கு முப்பது கேட்பார். அது ரூ.4,800. மிச்சம் போய் ரூ.2,000 துண்டு விழும். அத்துண்டை எவர் கூலியில் கழிப்பர்? அனுபவத்தில் சொல்கிறோம்: வழிகாட்டி கூலியிலும், சமைத்த பெண்கள் கூலியிலுமே கழிப்பர். முகவரே கூடாது என்பது நம் கட்சியன்று. அவர் பங்கை விலையில் முன்கூட்டியே சேர்த்துச் சொல்ல வேண்டும். இயலாதாயின் நேரில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில், விருந்தினரிடம் பெற்ற ரொக்கம் மூன்று மாதம் நாளேட்டில் ஏறாமலே கிடந்தது. திருட்டு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் சமைத்தவர் ஒரு தொகை சொன்னார், காரியதரிசி ஒரு தொகை சொன்னார். பத்தாண்டு பழகிய இரு குடும்பங்கள் அதன் பின் பேசிக்கொள்ளவில்லை. அன்றைய வரவை அன்றே எழுதி, இரு கையெழுத்துப் பெற்று, மறுநாள் கூட்டுறவு வங்கியில் கட்டியிருந்தால் இவ்வளவு நேர்ந்திராது.

தறிக்கூடத்தைக் காட்டுவதிலும் ஒரு நியாயம் வேண்டும். குழித்தறியில் அமர்ந்திருப்பவரைச் சுற்றி எட்டுப் பேர் நின்று கேள்வி கேட்டால், அந்த அரை மணியில் ஓடம் ஓடாது. தறி நின்ற நேரம் கூலி நின்ற நேரம். ஆகவே காட்டும் நேரத்திற்குத் தனிக் கூலி உண்டு என்று தீர்மானம் எழுத வேண்டும். எல்லாத் தறிகளையும் முறை வைத்துக் காட்ட வேண்டும்; தலைவர் வீட்டுத் தறி மட்டுமே ஒவ்வொரு வாரமும் காட்சிக்கு வருதல் ஆகாது. விடியற்காலையில் தெருவில் பாவு விரித்திருக்கையில் தாண்டிச் செல்லலாகாது என்பதை விருந்தினர்க்கு முன்னிரவே சொல்லிவிட வேண்டும். கேளாமல் புகைப்படம் எடுத்தலும் கூடாது. சேலை வாங்க விரும்பினால் சங்க விலைக்கே பில் போட்டுக் கொடுக்கலாம். வீட்டு வாசலில் பேரம் பேசி விற்பது சங்கத்தின் விலையையே குலைத்துவிடும்.

உணவைப் பொறுத்தவரை, அரிசியும் பருப்பும் காய்கறியும் அங்கத்தினரிடமே கொள்முதல் செய்தல் நலம். சாமை, தினை விளையும் ஊராயின் அவற்றைச் சமைத்துப் போடலாம். நகரத்தார் விரும்பி உண்கின்றனர். (நம் வீட்டாரும் இப்பொழுது தினைப் பொங்கலுக்கு மாறிவிட்டனர்; நமக்கு இன்னும் பழகவில்லை.) தண்ணீர்தான் பெருங்கவலை. கோடையில் ஊரின் குழாயடியில் குடங்கள் வரிசை நிற்கையில், விருந்தினர் இருவேளை குளித்தால் ஊர் முகம் சுளிக்கும்; சுளிப்பதும் நியாயமே. எனவே தண்ணீர் குறையும் மாதங்களில் பயணத்தை நிறுத்தி வைப்பது என்பதையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னோம். ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை; வாழை இலையும் மண் குவளையும் இருக்க நமக்கு அதில் குறையொன்றும் இல்லை. நகரிலிருந்து சுமந்து வரும் தின்பண்ட உறைகளை அவரவரே திரும்பச் சுமந்து செல்லட்டும்.

அச்சங்கத்தின் பேரவை சென்ற மாதம் கூடிற்று. மாதத்திற்கு ஒரு பயணம், எட்டுப் பேருக்கு மேல் இல்லை, சித்திரை வைகாசியில் இல்லை என முடிவாயிற்று. சமையல் பொறுப்பை ஏற்ற பெண்கள் மூவர், தங்கள் கூலி விருந்தினர் புறப்படும் முன்னரே கையில் வர வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டனர். அதுவும் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியுள்ளது.