சத்திரமும் ஹோட்டலும்

சொந்த ஊரில் ஒருவன் யார் மகன், எந்தத் தெருவினன், என்ன தொழிலினன் என்பதை எல்லாரும் அறிவர். அயலூரில் கால் வைத்த அக்கணமே அவன் வெறும் வழிப்போக்கன். குடிக்கத் தண்ணீர், பசிக்கு அன்னம், இரவில் தலைசாய்க்க ஓர் இடம் என்ற மூன்றுக்கும் அவன் முன்பின் அறியாதார் வாசலில் நிற்க வேண்டியவனாகிறான். அவ்வாசலில் அவனை நோக்கி முதலில் எழும் கேள்வி என்ன? “என்ன வேண்டும்?” என்பதா, “நீ யார்?” என்பதா? ஒரு தேசத்தின் நாகரிகத்தை அளக்க இதைவிட எளிய கோல் ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இக்கோலைக்கொண்டு நமது தேசத்தை அளந்து பார்ப்பதே இங்கு நம் நோக்கம். பெருமைக்குரிய விஷயங்கள் பல வெளிப்படும். தலைகுனிய வேண்டிய விஷயங்களும் உடன் வெளிப்படும்.

வழிப்போக்கரைப் பேணுதல் நம் அரசர்கள் பிறரிடம் கற்ற பாடமன்று. அசோக சக்கரவர்த்தி பெருவழிகளில் ஆலமரம் நட்டுக் கிணறு வெட்டித் தங்குமிடம் அமைத்ததைத் தன் தூண் சாஸனத்திலேயே பொறித்து வைத்தான். 1540 முதல் 1545 வரை வடநாட்டை ஆண்ட ஷெர்ஷா இரண்டு குரோச தூரத்துக்கு ஒரு சராய் கட்டுவித்தான். அங்கே ஹிந்துக்களுக்குத் தனி இடமும் முகம்மதியருக்குத் தனி இடமும் இருந்தன. ஹிந்துக்களுக்குச் சமைத்துப் போடவும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் பிராமணர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். மதுரையில் ராணி மங்கம்மாள் பெயரால் நிற்கும் சத்திரத்தை ரயிலிலிருந்து இறங்குவோர் எல்லாரும் அறிவர்.

ஆயினும் தஞ்சை மராட்டிய மன்னரின் சத்திரங்களுக்கு ஈடானவை வேறில்லை என்றே சொல்லலாம். சேதுவுக்குச் செல்லும் பெருவழியில் அவை வரிசையாக அமைந்திருந்தன. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் என அரண்மனைப் பெண்மணிகளின் பெயர்களைத் தாங்கி நின்றன. 1799-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் ராஜ்ய நிர்வாகம் முழுவதையும் கும்பினியார் எடுத்துக்கொண்ட பின்னர், இரண்டாம் சரபோஜி மன்னருக்கு இச்சத்திரங்களைப்பற்றியே பெருங்கவலை உண்டாயிற்று. 1801-இல் தஞ்சை ரெஸிடெண்டாக இருந்த டோரின் துரைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். மற்றச் செலவுகளை எவ்வளவு குறைத்தாலும் சத்திரங்களின் மான்யங்களில் கை வைக்கலாகாது என்பதே அதன் சாரம்.

அக்கடிதம் நமது ஜனங்கள் அறிந்துகொள்ள வேண்டியதொன்று. பிராமணன் முதல் பறையர் வரையில் எல்லா ஜாதியாருக்கும், ஜோகி, பைராகி முதலிய பரதேசிகளுக்கும் அங்கே அன்னமிடப்பட்டதாக மன்னர் கூறுகிறார். நடுநிசியில் மணி அடித்து, இன்னும் உண்ணாதார் உளரோ என்று அழைத்துச் சோறு போடுவார்கள். பயணந் தடைப்பட்டவர்கள் புறப்படும் வரையில் அவர்களுக்கு உணவுண்டு. வைத்தியரும் உபாத்தியாயரும் வேதம் ஓதுவிப்போரும் சத்திரத்திலேயே இருப்பார்கள். நோயாளிக்குப் பத்தியச் சாப்பாடு, கைக்குழந்தைக்குப் பால், அங்கே பிரசவித்த பெண் மூன்று மாதம் வரையில் தங்கலாம், வழியில் இறந்தவனுக்கு அவனவன் ஜாதி வழக்கப்படி ஈமக்கடன். தஞ்சைக்கு தர்மராஜ்யம் என்று வழங்கிய பெயரே தமக்குள்ள பட்டங்கள் அனைத்தினும் மேலானது என்று அம்மன்னர் எழுதினார். ராஜ்யத்தை இழந்த ஓர் அரசன் அந்நியனிடம் கேட்ட வரம் வழிப்போக்கன் சோறு என்றால், அதை எண்ணிப் பூரிக்காத நெஞ்சும் ஒன்றுண்டோ?

ஆனால் அதே கடிதத்தைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். சமைத்த அன்னத்தை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மளிகையும் பச்சையாக அளந்து கொடுக்கப்பட்டன என்றும் அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஏற்காதவர்கள் ஏன் ஏற்கவில்லை? யார் கை பட்டது, யார் கண் பட்டது என்ற விசாரம் வழிப்போக்கனோடு கூடவே நடந்து வந்தது. எல்லாருக்கும் சோறு உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒரே பந்தி இல்லை. சில சத்திரங்கள் ஒரு ஜாதிக்கென்றே ஏற்பட்டவை. மன்னரின் தர்மம் ஒருவரையும் பட்டினியாகத் திருப்பி அனுப்பவில்லை என்பது மெய்யே. யாரையும் சமமாக உட்கார்த்தி வைக்கவுமில்லை என்பதும் அவ்வளவு மெய்.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ரயில் ஓடிற்று. அதன் பின்னர் பிரயாணத்தின் தன்மையே மாறிப்போயிற்று. கோர்ட்டுக் கச்சேரிக்கு வருவோர், காலேஜ் மாணாக்கர், உத்தியோகம் தேடுவோர் எனப் புதுவகை வழிப்போக்கர் பெருகினர். இவர்கள் யாத்ரிகருமல்லர், பிச்சை ஏற்போருமல்லர். கையில் காசு வைத்துக்கொண்டு பசியோடு நின்றவர்கள். சோற்றை விற்பது பாவம் என்று நம்பியிருந்த நாட்டில் இவர்களுக்காகவே சாப்பாட்டுக் கிளப்பும் காபி ஹோட்டலும் தோன்றின. பிராமணன் சமைத்ததை எல்லா ஜாதியாரும் உண்பர் ஆதலால், சமையற்காரன் ஜாதியே வியாபாரத்துக்கு முதலாயிற்று. வாசலில் “பிராமணாள்” என்ற பலகை ஏறிற்று. உடுப்பிக்காரர்கள் மதராஸ் வரையில் வந்து இத்தொழிலை வளர்த்தார்கள். அவர்களுடைய சுத்தத்தையும் சுறுசுறுப்பையும் யாரும் குறை கூற முடியாது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பந்தி வித்தியாசத்தை உடைப்பதில் எந்தச் சீர்திருத்தக்காரரின் பிரசங்கத்துக்கும் குறையாத வேலையைக் காபி ஹோட்டல் செய்திருக்கிறது. ஓர் அணா கொடுத்தவனை மற்றோர் அணா கொடுத்தவன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தது அது. முதலாளி தர்மத்தை உத்தேசித்துச் செய்தாரா, லாபத்தை உத்தேசித்துச் செய்தாரா என்று நாம் ஆராய வேண்டியதில்லை. வீட்டில் செய்யத் துணியாத சமபந்தி போஜனத்தை ஹோட்டலில் செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பிய ஆசாரசீலர்கள் அக்காலத்தில் அனேகர்!

ஆயினும் அப்பெஞ்சியிலும் ஓர் எல்லை இருந்தது. பல ஹோட்டல்களில் பிராமணருக்கென்று உள்ளே தனியிடம் ஒதுக்கப்பட்டது. ஆதி திராவிடர்கள் வாசற்படியையே தாண்ட முடியாது. எல்லா ஜாதியாரும் டிக்கெட் வாங்கிப் போகும் ரயில்வே ஸ்டேஷன்களிலேயே பிராமணருக்கு ஒரு சாப்பாட்டு அறை, “இதராளுக்கு” ஓர் அறை என்றிருந்தது. ஈ. வெ. ராமசாமிப் பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் கிளர்ச்சி செய்த பின்னர், 1941-இல்தான் அவ்வித்தியாசம் ஒழிந்தது. வெள்ளைக்காரன் வண்டியில் நம்மவரை ஏற்ற மறுத்தான் என்று கொதித்த நாம், நம் ஸ்டேஷன் சாப்பாட்டு அறையின் பலகையை எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம்!

1893-இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் வண்டியிலிருந்து இறக்கப்பட்ட செய்தியை நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கின்றனர். அதே பிரயாணத்தில் ஜோஹானஸ்பர்க்கில் ஒரு ஹோட்டலில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பிரிட்டோரியாவில் வேறொரு ஹோட்டல்காரர் அறைக்குள்ளேயே உண்ண வேண்டும் என்ற நிபந்தனையோடு இடங்கொடுத்தார். பின்பு மற்ற விருந்தினரைக் கேட்டு, அவர்கள் ஆட்சேபிக்காமையால், பொதுச் சாப்பாட்டு அறைக்கே அழைத்துச் சென்றார்.

இதனோடு ஒப்பிட வேண்டிய வேறொரு பிரயாணம் நம் தேசத்துக்குள்ளேயே நடந்தது. 1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய டாக்டர் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் ஏற்கச் சென்றார். ஸ்டேஷனில் இறங்கியதும் அவரை வாட்டிய கேள்வி, எங்கே தங்குவது என்பதே. ஹிந்து ஹோட்டல்களில் தமக்கு இடமில்லை என்பதை அவர் அறிவார். பார்ஸிகளுக்கென்று இருந்த ஒரு விடுதியில், ஒரு பார்ஸிப் பெயரைப் பதிவுப் புஸ்தகத்தில் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் தங்கினார். வேறு விருந்தாளி ஒருவருமில்லை. மாடியில் தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த கூடமும் மங்கிய விளக்குமே அவருக்குத் துணை. பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்து, அன்று மாலைக்குள் வெளியேற வேண்டுமென்று மிரட்டிற்று. ஹிந்து நண்பர் ஒருவரிடத்திலும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடத்திலும் அடைக்கலம் கேட்டார். இருவரும் வெவ்வேறு சாக்குச் சொன்னார்கள். பொதுத் தோட்டம் ஒன்றில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார்.

பிரிட்டோரியாவின் வெள்ளைக்காரரேனும் கேட்டதற்கு இணங்கினர். பரோடாவிலோ கேட்பாரே இல்லை.

அன்று அறை கிடைக்காமல் திரும்பிய அவரே அரசியல் சாஸன வரைவுக் கமிட்டியின் தலைவரானார். நம் அரசியல் சாஸனத்தின் 15-ஆவது ஷரத்து, கடைகள், பொதுச் சாப்பாட்டு விடுதிகள், ஹோட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் என்ற காரணத்தால் மட்டும் எந்தப் பிரஜையையும் தடுக்கலாகாது என்கிறது. சர்க்காரை மட்டுமேயன்றித் தனி மனிதனையும் அது கட்டுப்படுத்துகிறது என்பது கவனிக்கத் தக்கது. 1948 நவம்பர் 29-இல் இவ்விஷயம் அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தது. “கடை” என்றால் உள்ளே நுழையும் உரிமை மட்டுமன்று, விலை ஒப்புக்கொண்டால் பணியைப் பெறும் உரிமையும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் அன்று விளக்கினார். வாசலைத் திறந்துவிட்டுப் பந்தியில் இலை போடாமலிருக்கும் தந்திரத்தை அவர் முன்னரே அறிந்திருந்தார்!

1955-ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இதைத் தண்டனைக்குரியதாக்கிற்று. 1976-இல் அது திருத்தப்பட்டு, சிவில் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. ஹோட்டல் என்ற சொல்லுக்குள் சிற்றுண்டி அறை, போஜன விடுதி, தங்கும் விடுதி, காபிக் கடை யாவும் அடங்கும் என்று அச்சட்டமே கூறுகிறது. தர்மசாலையிலும் சராயிலும் ஹோட்டலிலும் பொது உபயோகத்துக்கு வைத்திருக்கும் பாத்திரத்தைத் தடுப்பதும் குற்றம். ஷெர்ஷாவின் சராயும் நம் தெருமுனைக் காபிக் கடையும் ஒரே பிரிவில் அருகருகே நிற்பதைக் காண வேடிக்கையாக இருக்கிறது.

பலகை மட்டும் உடனே இறங்கவில்லை. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் வாசலில் “பிராமணாள்” என்ற சொல்லை அகற்றக் கோரித் திராவிடர் கழகத்தார் பல மாதம் மறியல் செய்தனர். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். கடைசியில் பலகை மாறிற்று. அது மரக்கறி உணவு என்பதைக் குறிக்கும் அடையாளமே என்று வாதித்தவர்களும் உண்டு. மரக்கறி உணவு என்று எழுதத் தமிழில் எழுத்தா இல்லை?

பட்டணத்தில் இப்பொழுது அப்பலகையைக் காண்பது அரிது. கிராமத்து டீக்கடையில் பலகையே வேண்டியதில்லை, குவளையே பலகை. ஊராருக்கு ஒரு குவளை, சேரியாருக்கு வேறொரு குவளை என்ற வழக்கத்தை இந்த நூற்றாண்டிலும் தமிழ்நாட்டில் நடந்த கள ஆய்வுகள் கண்டு எழுதியுள்ளன. கண்ணாடிக் குவளை ஊராருக்கு, காகிதக் குவளை மற்றவருக்கு என்று புது உபாயமும் புறப்பட்டிருக்கிறது. கேட்டால் சுகாதாரம் என்பார்கள். சுகாதாரம் தெருவுக்குத் தெரு மாறுமோ? தடுக்கப்பட்டவன் அவ்வூரிலேயே கூலிக்குப் போக வேண்டியவன். போலீஸில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் யார் வயலில் இறங்குவான்? 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபொழுது பொதுப் பாத்திரங்களைத் தடுப்பதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரையில் சிறைத் தண்டனை விதிக்க வழி செய்தனர். தண்டனை கடுமையானதே. ஆனால் கொடுமையை அனுபவிப்பவனே முன்வந்து வாய் திறக்க வேண்டும் என்றிருக்கும் வரையில் அது ஏட்டளவில் நிற்கும்.

ஆகவே புகாருக்குக் காத்திராத ஒரு வழியை நாம் கோருகிறோம். பொருள் விற்கவோ பணி செய்யவோ தீண்டாமையால் மறுத்துத் தண்டனை பெற்றவனின் லைசென்ஸை ரத்து செய்யவும் நிறுத்தி வைக்கவும் கோர்ட்டுக்கு 1955-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மிகச் சிறிய டீக்கடையும் பதிவு பெற வேண்டும். அதிகாரிகள் வந்து தண்ணீரையும் அடுப்பங்கரையையும் சோதிக்கலாம். குவளை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் அதே கண், குவளைகள் எத்தனை வகை, எந்த வகை யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்த்து எழுதட்டும். 1995-ஆம் வருஷத்து விதிகளின்படி ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டிய கண்காணிப்புக் கமிட்டி ஒன்று இருக்கிறது. அந்தக் குறிப்புகள் யாவும் கடையின் பெயரோடும் ஊரின் பெயரோடும் அக்கமிட்டியின் முன் வைக்கப்பட வேண்டும். கமிட்டி எத்தனை முறை கூடிற்று, எத்தனை கடைகளின்மீது என்ன நடவடிக்கை எடுத்தது என்ற விவரத்தை ஜில்லா நிர்வாகம் ஜனங்களுக்கு அச்சிட்டு வெளியிட வேண்டும்.