டி.எஸ்.எச். உயர்வு என்றால் தைராய்டு குறைவா?

தைராய்டுப் பரிசோதனை முடிவைப் பெறும் பலரைக் குழப்புவது ஒன்று உண்டு. தாளில் டி.எஸ்.எச். அளவு உயர்ந்திருக்கும், மருத்துவரோ தைராய்டு சுரப்பு குறைவு என்பார். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்?

தைராய்டு, கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த நாளமில்லாச் சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோன் குருதி வழியே உடலெங்கும் சென்று, இதயத் துடிப்பு, உடல் வெப்பம், செரிமானம் ஆகியவற்றை நெறிப்படுத்துகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதனைத் தூண்டுகிறது. அத்தூண்டுதலைக் கொண்டுசெல்லும் ஹார்மோனே டி.எஸ்.எச்.

நம் காவிரிப் பாசனத்தை எண்ணினால் இது எளிதில் விளங்கும். மேட்டூரில் திறக்கப்படும் நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து கடைமடையை நோக்கிச் செல்கிறது. கடைமடைக்கு நீர் போதாவிட்டால் கூடுதலாகத் திறக்குமாறு கோரிக்கை வலுக்கும். வயல் நிறைந்தால் அது அடங்கும். டி.எஸ்.எச். அக்கோரிக்கையைப் போன்றது. குருதியில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உயரும், போதுமானால் தணியும்.

மாத்திரை உட்கொள்பவருக்கு டி.எஸ்.எச். இயல்பு நிலைக்கு வருவது, நோய் நீங்கியதன் அடையாளமன்று. மருந்தின் அளவு பொருந்தியிருப்பதன் அடையாளம். தாமாக நிறுத்தினால் முதல் சில நாள்களில் மாற்றம் தெரியாது. அம்மருந்து குருதியில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள்கள் ஆகும். பின்னர் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை கூடுதல் ஆகியவை மெல்லத் திரும்பும்.

கருவுற்ற பெண்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். முதல் 3 மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனையே சார்ந்துள்ளது. எனவே கருவுற்றது தெரிந்ததும் மாத்திரையை நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பலருக்கு மருந்தின் அளவைக் கூட்ட நேரிடும்.

நினைவில் கொள்க:

• மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்க. காபியும் உணவும் 30 முதல் 60 நிமிடங்கள் கழித்தே.

• இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுக.

• அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரங்களில் மறு பரிசோதனை தேவை. கருவுற்றோருக்கு இன்னும் முன்னதாகத் தேவைப்படும்.

• படபடப்பு, கைந்நடுக்கம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை மருந்து மிகுந்ததைக் காட்டலாம். அப்போதும் தாமாக அளவை மாற்றாமல் மருத்துவரை அணுகுக.

வீட்டில் முதியவர் இம்மருந்தை உட்கொண்டால், மாத்திரை தீருமுன் அடுத்ததை வாங்கி வைப்பது குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவி.